மருந்துப் பக்கமே போகாதவள்

என் வீட்டுக்காரி ராமுத்தாய்க்குக் கால் வீங்கவே இல்லை. எங்களுக்கு வந்த கேடு அதுதான். வீங்கியிருந்தால், செவந்திருந்தால், வலியில் அனத்தியிருந்தால் மறுநாளே அவளைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பேன். நான் அந்த மாதிரி ஆள். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால்கூட எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அப்பேர்ப்பட்டவன், செல்போன் லைட்டை அடித்துக் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வீக்கம் இல்லை என்று நானே சந்தோசப்பட்டு, நானே அவளை வேலைக்கு ஏற்றிக்கொண்டு போனேன்.

ஏழாவதோடு நின்றவன் நான். டாக்டரம்மா சொன்னதில் எனக்கு ஏறின மட்டுக்கும்தான் இதில் இருக்கும். எழுத நினைத்தது நானில்லை, ராமுத்தாய்தான் எழுதச் சொன்னாள். ஏன் சொன்னாள் என்பது பின்னால் வரும்.

ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு ஆள் ஏற்றுகிற வேன் ஓட்டுகிறேன். காலையில் நாலு ஊரில் பதினெட்டுப் பெண்களை ஏற்றி யூனிட்டில் இறக்கிவிடுவேன். சாயங்காலம் தலையை எண்ணுவேன். பதினெட்டு வந்தால்தான் எனக்கு மூச்சு ஒழுங்காக வரும். எங்கேயாவது தூரத்தில் டம்மென்று கேட்டால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, புகை எந்தப் பக்கம் என்று பார்த்த பிறகுதான் கியர் போடுவேன். பெண்கள் சிரிப்பார்கள். "கல்யாண வீட்டு வெடிண்ணே, வண்டியை எடுங்க" என்பார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் பக்கம் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். மருந்து கலக்கிறது, மருந்து செலுத்துறது, கலவை ரூமிலிருந்து செலுத்துகிற ரூமுக்குச் சுமந்து போனால் மருந்து எடுக்கிறது. பேச்சு முழுக்க அதுதான் ஓடும். உடம்புக்குத் தின்கிறது மாத்திரை, குத்துகிறது ஊசி. மருந்து என்று காதில் விழுந்தால் எனக்குக் கண்ணுக்கு முன்னால் வருவது அந்தச் சாம்பல் பொடி மட்டும்தான்.

கல்யாணமான மறுவாரமே அவளிடம் ஒரே ஒரு சத்தியம் வாங்கினேன். கூலி எம்புட்டு கூடக் கொடுத்தாலும் மருந்து வேலைக்குப் போகக்கூடாது. இருபது வருசம் அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாள். பேப்பர்க் குழாய் உருட்டுகிற ஷெட்டில் உட்கார்ந்தவள் அங்கனயே இருந்துவிட்டாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. என் கவலை அம்புட்டும் அவள் ஒருத்தி மேல்தான்.

அவளும் என்னை வைத்து விளையாடுவாள். நான் வண்டி எடுக்கும்போதே வாசலில் ஏறிக்கொள்ளலாம். ஏற மாட்டாள். முதல் ஊருக்குப் போய் ஆள் ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத் திரும்பி வருவேன், அப்போது ரோட்டோரம் நின்று, யாரோ டவுன் பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி கையை நீட்டிக் காட்டுவாள். கேட்டால், "கை காட்டாட்டி நீங்க பாட்டுக்குப் போயிருவீக" என்பாள். தினமும் அதே பேச்சு, தினமும் வண்டிக்குள் அதே சிரிப்பு.

சம்மணம் போட்டு இருபது வருசம் குழாய் உருட்டினால் முட்டி என்னத்துக்கு ஆகும். ரெண்டு வருசத்துக்கு முன்னால் காலையில் எந்திரிக்கவே சுவரைப் பிடிக்க ஆரம்பித்தாள். மணிக்கட்டும் போச்சு. வண்டியில் வருகிற ஒரு பெண் சொல்லித்தான் மெடிக்கல் ஷாப்பில் செட்டு மாத்திரை வாங்கினேன். டாக்டர் சீட்டெல்லாம் கேட்க மாட்டார்கள். பேப்பரில் மடித்து ஒரு மஞ்சள், ஒரு ரோஸ், நகத்தில் பாதி அளவுக்கு ஒரு வெள்ளை. தின்ற மறுநாள் அவள் குனிந்து கோலம் போட்டாள். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது.

அதிலிருந்து தினமும் செட்டு. வண்டி அந்தக் கடை வழியாகத்தான் போகும், நான்தான் இறங்கி வாங்குவேன். அவளைப் பார்த்து மற்றவர்களும் கேட்டார்கள். அவளையும் சேர்த்து ஏழு பேருக்கு வாங்கினேன். நன்றாகப் பசித்தது அவளுக்கு. முகம் வட்டமாகப் பூரித்தது. ராமுத்தாய்க்கு யோகக் காத்து அடிச்சிருச்சு, வீட்டுக்காரர் நல்லாக் கவனிக்கிறார் என்று ஊரில் பேசினார்கள். அதைக் கேட்டு நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

சீசன் உச்சத்தில் இருந்தபோது ஒரு நாள், சீமைக்கருவேல முள் செருப்பைத் துளைத்துக்கொண்டு வலது பாதத்தில் ஏறிவிட்டது. ஊக்கால் தோண்டி எடுத்து, மஞ்சளை வைத்துக்கொண்டாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மூணு நாளும் காலை மடியில் வைத்து லைட்டடித்துப் பார்த்தேன். செவப்பு இல்லை. வீக்கம் இல்லை. தொட்டால் சூடும் இல்லை. "பாத்தீகளா, ஒண்ணுமில்ல" என்றாள். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது.

அஞ்சாம் நாள் சோறு வேண்டாம் என்றாள், மாத்திரை குமட்டுகிறது என்று அதையும் வைத்துவிட்டாள். ஆறாம் நாள் காலையில் ரோட்டோரம் நின்றாள், கை காட்டவில்லை. கை தொங்கிக்கொண்டு இருந்தது. நான் நிறுத்தினேன். "இன்னைக்கு என்ன, அண்ணன் தானா நிக்கிறாரு" என்று ஒருத்தி கிண்டல் பண்ணினாள். ராமுத்தாய் சிரிக்கவில்லை. ஏறி உட்கார்ந்தவள் அப்படியே கண்ணை மூடிக்கொண்டாள். யூனிட்டில் எல்லாரும் இறங்கின பிறகும் இறங்கவில்லை. செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். பாதத்தின் ஓரம் ஊதா நிறமாக இருந்தது. ஐஸ் மாதிரி சில்லிட்டிருந்தது. வண்டியை அப்படியே விருதுநகருக்கு விட்டேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுதவில்லை. அவர்கள் மேல் குத்தம் ஒன்றும் இல்லை. நல்லபடியாகத்தான் பார்த்தார்கள். வார்டு டாக்டரம்மா கோயமுத்தூர்ப் பக்கத்துப் பிள்ளை. ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க' போட்டுப் பேசும். ரத்தம் எடுத்தார்கள். காலில் ஒரு பசையைத் தடவி, மைக் மாதிரி ஒன்றை வைத்து ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்கிறதா என்று பார்த்தார்கள். சர்க்கரை ரொம்பக் கூட இருந்தது. அவளுக்குச் சர்க்கரை இருந்ததே இல்லை. பிறகு டாக்டரம்மா பேப்பரை வைத்துக்கொண்டு என்னிடம் வரிசையாகக் கேட்டது. வயசு, வேலை, முன்னால் ஆபரேசன் உண்டா. அப்புறம் கேட்டது:

"வேற ஏதாச்சு மருந்து எடுத்துட்டு இருக்கறாங்களாங்க?"

மருந்து எடுக்கிறாளா என்று கேட்கிறார்கள். என் வாழ்க்கையிலேயே நான் பெருமையாகச் சொல்லக்கூடிய பதில் ஒன்று உண்டென்றால் அது அதுதான்.

"மருந்துப் பக்கமே அவ போனதில்லைங்கம்மா. இருபது வருசமா."

டாக்டரம்மா என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது. "நல்ல பழக்கங்க" என்று சொல்லி எழுதிக்கொண்டது. ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் சோறு இறங்குவதில்லை.

அன்று சாயங்காலம் அவளுடைய தங்கச்சி பேச்சி, எம். புதுப்பட்டியிலிருந்து வந்தாள். பேச்சி அங்கே மருந்து ரூமில் வேலை பார்க்கிறவள். வாய் கொஞ்சம் ஜாஸ்தி. வந்ததும் என்னை மேலும் கீழும் பார்த்து, ஆளு இருக்கிற லட்சணத்துக்கு உங்களைத்தான் முதல்ல பெட்டுல போடணும் மச்சான் என்றாள். என் சட்டையைக் கழற்றச் சொல்லிக் குழாயடியில் துவைத்துப் போட்டாள். தன் வீட்டுக்காரர் சட்டை ஒன்றைக் கொடுத்தாள். ரெண்டு பேர் உள்ளே போகலாம், அம்புட்டு பெரிசு. அதைப் போட்டுக்கொண்டு மூணு நாள் வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். அக்காவுக்குத் தலை சீவிவிடுவதும், நகம் வெட்டிவிடுவதும், வாயைத் துடைப்பதும் எல்லாம் அவள்தான். நான் பக்கத்தில் நின்றால், எட்டிப் போங்க, நீங்க விடுற மூச்சுலயே அவளுக்குக் காய்ச்சல் வந்துரும் என்பாள்.

தினமும் காலையில் ரத்தம் எடுக்க லேப்பிலிருந்து சபியா என்ற பிள்ளை வரும். விருதுநகர்ப் பிள்ளைதான். அவுக அத்தாவுக்கு பஜாரில் வத்தல் கடை. நரம்பே கிடைக்காத கையிலும் ஒரே குத்தில் எடுத்துவிடும். ரிசல்ட்டில் என்ன இருக்கு என்று நான் தினமும் அதன் பின்னாலேயே போவேன். வெள்ளை அணு ரொம்பக் கூடியிருக்குண்ணே என்றது. வெள்ளை அணு என்றால் ரத்தத்தில் இருக்கிற காவல்காரர்கள். கிருமி வந்தால் போய்ப் பிடித்துத் தின்கிறவர்கள். கூட இருக்கிறார்கள் என்றால் நல்லதுதானே என்று கேட்டேன். சபியா தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டது.

டாக்டரம்மாவுக்கும் அதுதான் குழப்பம். இம்புட்டு வெள்ளை அணு ரத்தத்தில் இருந்தால் காலில் பெரிய சண்டை நடக்கிறது என்று அர்த்தமாம். சண்டை நடந்தால் செவக்கணும், வீங்கணும், சுடணும், சீழ் கட்டணும். இந்தக் காலில் ஒன்றுமில்லை. புதுசாக வந்த சர்க்கரையால் நரம்பு செத்திருக்குமோ, ரத்தக்குழாய் அடைத்திருக்குமோ என்று அந்த வழியில் தேடினார்கள். குளுக்கோஸ் பாட்டிலில் கிருமிக்கான ஊசியை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். கத்தி வைக்கிற அளவுக்குக் காலில் அடையாளம் இல்லையே என்று பெரிய டாக்டரும் பார்த்துவிட்டுப் போனார்.

நான் அந்த ரெண்டு நாளும் அவள் பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதா நிறம் கணுக்காலுக்கு வந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறப்பாள், என்னைப் பார்ப்பாள், மூடிக்கொள்வாள். வலிக்குதா என்றால் இல்லை என்று தலையாட்டுவாள். அவளுக்கு வலிக்காதது எனக்கு ஆறுதலாகவே இருந்தது, பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூணாம் நாள் காலையில் பிரஷர் இறங்க ஆரம்பித்தது. பாட்டில் மேல் பாட்டில் போகிறது, ஏறவே இல்லை. கை கால் சில்லென்று ஆகிவிட்டது. நர்சுகள் ஓடினார்கள். பெரிய டாக்டரைக் கூப்பிட ஆள் போனது. கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு எங்களை வெளியே நிற்கச் சொன்னார்கள். சபியா உள்ளே ரத்தம் எடுத்துவிட்டு வெளியே வந்தது. பேச்சி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து புலம்பிக்கொண்டிருந்தாள்.

"மருந்து வேலைக்குப் போறவ நான். குத்துக்கல்லு மாதிரி இருக்கேன். மருந்துப் பக்கமே போகாதவ, அவளுக்கா இப்படி வரணும்."

நானும் சொன்னேன், அதைத்தான் டாக்டரம்மா கேட்டபோதும் சொன்னேன், மருந்து எடுக்கிறாளான்னு கேட்டாக, போனதே இல்லைன்னு சொன்னேன் என்று.

நாலு எட்டு போன சபியா நின்றது. திரும்பி வந்தது. கையில் இருந்த ரத்த டியூப் தட்டை ஜன்னல் மேல் வைத்தது.

"அண்ணே. டாக்டர் கேட்ட மருந்து அந்த மருந்து இல்லண்ணே." அப்புறம் மெதுவாகக் கேட்டது, "அக்கா மாத்திரை ஏதும் சாப்பிடுவாகளா?"

"மாத்திரையா. அது தினமும் திம்பா. முட்டி வலிக்கு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா."

என் சட்டைப் பையில் கடைசியாக வாங்கின மடிப்பு ஒன்று அப்படியே இருந்தது. பேச்சி கொடுத்த சட்டைக்கு மாறும்போது அதையும் எடுத்து இதில் போட்டிருந்தேன். அவள் எந்திரித்ததும் கேட்பாள், கொடுக்கணும் என்று வைத்திருந்தேன். சபியா அதைப் பிரித்து அந்தக் குட்டி வெள்ளை மாத்திரையைப் பார்த்தது. தட்டை அங்கனயே விட்டுவிட்டுத் திரைக்குள் ஓடியது.

உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு ஊசி மருந்து கொண்டுவந்தது. அன்று மத்தியானத்துக்குள் பிரஷர் ஏறியது. அவளைக் கெடுத்த அதே வகை மருந்தைத்தான் ஊசியில் போட்டு உயிரைக் காப்பாற்றினார்களாம். ஸ்டீராய்டு என்று பேர். உடம்பே தனக்கு வேண்டியதைத் தினமும் கொஞ்சம் சுரக்கும். நாம் வெளியிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தால், நமக்கென்ன வேலை என்று உடம்பு சுரப்பதை விட்டுவிடும். திடீரென்று மாத்திரை நின்றால் உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. அவளுக்கு அதுதான் ஆனது. சர்க்கரை ஏறினதும் அதனால்தான். முகம் பூரித்ததும் அதனால்தான். ஊரே மெச்சின பூரிப்பு.

உயிர் தங்கியது. கால் தங்கவில்லை. அன்று சாயங்காலமே பாதத்தைத் திறந்து பார்த்தார்கள். தோல் ஒன்றும் தெரியாத மாதிரி மேலே கிடக்கிறது, அதுக்கு அடியில் சதையெல்லாம் செத்து, கெண்டைக்கால் வரைக்கும் ஏறியிருக்கிறது. சீழ்கூட இல்லையாம். முட்டிக்குக் கீழே எடுக்கணும், இல்லாவிட்டால் ஆளே இல்லை என்றார் பெரிய டாக்டர். ஒரு பேப்பரில் கையெழுத்துக் கேட்டார்கள். நான் எழுத்துக்கூட்டி முழுசும் படித்தேன். வலது கால் என்று எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, வலதுதானே, வலதுதானே என்று மூணு தடவை கேட்டேன். பேச்சி என் கையைப் பிடித்துப் பேனாவை வைத்தாள்.

ஆபரேசன் முடிந்த மறுநாள் டாக்டரம்மா வராண்டாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. அது முகமும் வாடிப்போய்த்தான் இருந்தது. மாத்திரைன்னு கேட்டிருக்கணுங்க நான் என்றது. ஏன் வீங்கலை என்று மட்டும் நான் கேட்டேன். அது பொறுமையாகச் சொன்னது. எனக்குப் புரிந்தபடி எழுதுகிறேன்.

முள் குத்தினதும், அந்த இடத்தில் ஏற்கெனவே காவலுக்கு இருக்கிற சில அணுக்கள் கண்ணுக்குத் தெரியாத ரசாயனத்தைக் கசிய விடும். அதுதான் சேதி. அதில் ஒரு வகைக்குப் பேர் கீமோகைன். அந்தச் சேதி பக்கத்தில் ஓடுகிற சின்ன ரத்தக்குழாய்க்குப் போய்ச் சேரும். குழாயின் உள்சுவரில் உடனே பசை மாதிரி ஒட்டுகிற கைகள் முளைக்கும். ரத்தத்தில் வேகமாகப் போய்க்கொண்டிருக்கிற வெள்ளை அணு, அந்தக் கையில் பட்டதும் வேகம் குறையும். சுவரோடு உருண்டு உருண்டு வரும். அப்புறம் கெட்டியாக ஒட்டி நின்றுவிடும். நின்றது, சுவரில் இருக்கிற சந்துக்குள் தன்னை ஒடுக்கிக்கொண்டு வெளியே சதைக்குள் இறங்கும். சேதி எந்தப் பக்கம் அடர்த்தியாக இருக்கிறதோ அந்தப் பக்கம் மோப்பம் பிடித்தபடி நடந்துபோய்க் கிருமியைப் பிடிக்கும். போய்ச் சேர்ந்தவர்களும் சேதி விடுவார்கள், இன்னும் ஆள் வரும். செவப்பு, சூடு, வீக்கம், வலி எல்லாம் அந்தக் கூட்டத்தின் அடையாளம்.

மாத்திரை அந்தச் சேதியை அமுக்கிவிடும். சுவரில் கை முளைக்காது. ஏற்கெனவே சுவரோரம் ஒட்டி நின்றவர்களும் பிடி விட்டு ஓட்டத்தில் கலந்துவிடுவார்கள். அதனால் ரத்தத்தை எடுத்து எண்ணினால் வெள்ளை அணு கூட இருக்கிற மாதிரி காட்டும். காயத்தில் ஆள் இருக்காது. முட்டி வலி போனதும் இதே வழியில்தான். முட்டியில் அந்தக் கூட்டம் தேவையில்லாமல் கூடியிருந்தது, மாத்திரை கலைத்துவிட்டது. எந்தக் கூட்டம் வேண்டும், எது வேண்டாம் என்று பிரிக்க அதற்குத் தெரியாது.

டாக்டரம்மா எந்திரித்துப் போன பிறகும் நான் அங்கனயே உட்கார்ந்திருந்தேன். நான் வண்டிக்காரன், எனக்கு வண்டியாகத்தான் தெரிந்தது. வண்டி நிறைய ஆள். எல்லாரும் வேலைக்குக் கிளம்பினவர்கள். ரோட்டோரம் யாராவது கை காட்டினால்தான் வண்டி நிற்கும், ஆள் இறங்கும், வயக்காட்டு வழியாக நடந்து போய் வேலை நடக்கிற இடத்தில் சேரும். அவள் உடம்பில் கை காட்ட ஆளில்லை. கையையெல்லாம் நான் கட்டிப்போட்டிருந்தேன், ரெண்டு வருசமாக, பேப்பரில் மடித்து. வண்டி ஆளோடு சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, அந்த ஸ்டாப்பைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறது.

அவளுக்கு நினைவு தெளிந்ததும் கால் போனது தெரிந்தது. போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததைக் கையால் தடவித் தடவிப் பார்த்தாள். அழவில்லை. ஏன் என்று கேட்டாள். பேச்சி சமாளிக்கப் பார்த்தாள். நான் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. நாலு நாள் பொறுத்து, அவள் கஞ்சி குடித்து முடித்த ஒரு மத்தியானம் எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரை என்ன மாத்திரை என்பதையும், டாக்டரம்மா என்ன கேட்டது, நான் என்ன சொன்னேன் என்பதையும். முதல் நாளே சரியாகச் சொல்லியிருந்தால் பாதத்தோடு போயிருக்குமா என்று பெரிய டாக்டரிடம் கேட்டேன், சொல்ல முடியாது என்றார், அதையும் சொன்னேன்.

ராமுத்தாய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். 

வெளியே வந்து நின்றேன். அவகிட்ட கேட்டிருந்தாலும் அவளும் அதைத்தான் சொல்லியிருப்பா மச்சான், என்கிட்ட கேட்டிருந்தா நானும் வேற பதில் சொல்லியிருக்க மாட்டேன் என்றாள் பேச்சி. நல்ல மனசோடுதான் சொன்னாள். ஆனால் அந்த ஆறுதலை ராமுத்தாய் அல்லவா சொல்லணும்.

மறுநாள் காலையில் அவளாகவே கேட்டாள். "நம்ம வண்டியில இன்னும் ஆறு பேரு அதைத் திங்கிறாகள்ல?"

ஆமா என்றேன்.

"வாயில சொன்னா சிரிப்பாக. எழுதிக் குடுங்க. எனக்கு ஆனதைப் பூராவும் எழுதுங்க. ஒரேயடியா நிப்பாட்டிறக் கூடாதுங்கிறதையும் எழுதுங்க."

அம்புட்டுதான். என்னைப் பற்றி நல்லதாகவும் ஒன்றும் சொல்லவில்லை, கெட்டதாகவும் ஒன்றும் சொல்லவில்லை.

அதனால் எழுதுகிறேன். வலிக்கு என்று கடையில் மடித்துக் கொடுப்பதைத் தின்கிறவர்கள் யாராக இருந்தாலும், அதை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய்க் காட்டுங்கள். ரொம்ப நாளாகத் தின்றிருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் சொல்கிற கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், மருந்து எடுக்கிறீர்களா என்று கேட்டால் மாத்திரையைச் சொல்லுங்கள், ஊசியைச் சொல்லுங்கள், தைலத்தைக்கூடச் சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

அவளுக்கும் அப்படித்தான் வாராவாரம் குறைத்தார்கள். அந்த நாட்கள் ரொம்ப நீளம். தையல் சேரவே மாட்டேன் என்றது. முட்டி வலி பழையபடி வந்தது, ரெண்டு முட்டியிலும். காலே இல்லாத இடத்தில் கட்டைவிரல் அரிக்கிறது என்பாள். நான் எங்கே சொறிவேன். போர்வையில் அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சில நேரம் சரியாப்போச்சு என்பாள். சில நேரம் கையை எடுங்க என்பாள்.

ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், குளுக்கோஸ் ஊசி குத்தியிருந்த கையில் அந்த இடம் செவந்து, கோலிக்குண்டு அளவுக்கு வீங்கியிருக்கிறது. தொட்டேன். சுட்டது. "ஆ, வலிக்குது" என்று கையை இழுத்துக்கொண்டாள். நான் வராண்டாவில் ஓடினேன். சிஸ்டர், செவந்திருச்சு, வீங்கிருச்சு என்று கத்தினதில் வார்டே எட்டிப் பார்த்தது. நர்ஸ் ஊசியைக் கழற்றிவிட்டு, இது அடிக்கடி வர்றதுதான், ஒத்தடம் குடுங்க, இதுக்குப் போயி ஏன் அழுறீங்க என்றது. டாக்டரம்மாவுக்கு மட்டும்தான் நான் ஏன் அழுகிறேன் என்று தெரிந்தது. வந்து அந்த வீக்கத்தைப் பார்த்துவிட்டு, ஆளுங்க வர ஆரம்பிச்சுட்டாங்க என்றது. வெகு நேரம் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் செவப்பு அன்றைக்குக் காலில் வந்திருக்கக் கூடாதா.

வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் ஆகிறது. ஆறு பேரையும் நானே வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாலு பேர் குறைத்துக்கொண்டு வருகிறார்கள். ரெண்டு பேர், இந்த ஆர்டர் முடியட்டும்ணே, வலியோட உக்காந்தா குழாய் உருளாது என்று வேறு கடையில் வாங்கித் தின்கிறார்கள். அவர்களை என்ன சொல்ல. எனக்கும் ஒரு காலத்தில் அந்த மடிப்பைப் பார்த்தால் சாமி பிரசாதம் மாதிரித்தான் இருந்தது.

வீட்டில் அவள் பேசுவாள். உப்பு போதுமா, தண்ணி வந்திருச்சா, அந்த மட்டும்தான். அன்றைக்கு நான் சொன்னதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை எடுத்ததில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

போன திங்கட்கிழமைதான் மறுபடி வண்டி எடுத்தேன். கிளம்பும்போது வாசலில் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தாள். கம்பைச் சுவரில் சாத்தி வைத்திருந்தாள். முதல் ஊரில் ஆள் ஏற்றிக்கொண்டு எங்கள் தெரு வழியாகத் திரும்பி வந்தேன். வண்டிக்குள் சத்தமே இல்லை. எங்கள் வாசலுக்கு நேரே, வழக்கமாக அவள் நிற்கிற இடம் வந்தது. அந்தப் பக்கம் பார்க்கக் கூடாது, நேரே போய்விடணும் என்று வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு பண்ணியிருந்தேன். அப்படியே தாண்டிவிட்டேன்.

பின் சீட்டிலிருந்து ஒருத்தி சொன்னாள். "அண்ணே, அக்கா கை காட்டுது."

பிரேக்கை மிதித்தேன். இறங்கி ஓடினேன். விழுந்துவிட்டாளா, மயக்கமா, தையல் விட்டுவிட்டதா என்று வழி முழுக்க நெஞ்சு அடித்தது. அவள் சேரில்தான் இருந்தாள். கை மட்டும் ரோட்டைப் பார்த்து நீண்டிருந்தது.

"என்ன தாயி, என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்" என்றாள். "நிக்கிறீகளான்னு பாத்தேன்."

நான் அப்படியே நின்றேன். வண்டிக்குள்ளிருந்து எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"போங்க. அவுகளுக்கு லேட்டாகுது."

வந்து வண்டியில் ஏறினேன். கண்ணாடியில் பார்த்தேன். கை இன்னும் இறங்கவில்லை.